யோசிப்பதும் வேலைதான்

கணிதத்தில் முனைவர் பட்ட ஆராய்ச்சி செய்கிறவர்களிடம் ஊரில் எல்லோரும் கேட்பது மூன்றே கேள்விகள். இன்னுமா படிக்கிற? கணக்குல ஆராய்ச்சி பண்ண என்ன மிச்சம் இருக்கு? எப்ப முடியும்? கேட்கிறவர்கள் நல்லவர்கள், அக்கறையோடுதான் கேட்கிறார்கள். ஆனால் பதிலுக்கு யாரும் நிற்பதில்லை. சாம்பார் வாளி நம் இலைக்கு வருவதற்குள் பேச்சு வேறு பக்கம் போய்விடுகிறது. சென்னையில் ஆராய்ச்சி மாணவியாக இருக்கும் எனக்கு, இந்த மூன்றுக்கும் ஒரு தடவையாவது முழுசாகப் பதில் சொல்லிவிட வேண்டும் என்று நெடுநாள் ஆதங்கம்.

முதலில் எங்கள் வேலை எது இல்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். கூட்டல் கழித்தல் எங்கள் வேலை இல்லை. ஓட்டலில் பில் வந்ததும், "இவ கணக்குல டாக்டருக்குப் படிக்கிறா, இவகிட்ட குடு" என்று தட்டை என் பக்கம் தள்ளுகிறார்கள். கூட்டிச் சொல்லக் கசக்கவில்லை. ஆனால் செல்போன் ஒரு நொடியில் செய்கிற காரியத்தை நான்கு நொடியில் செய்வதற்காகவா ஒருத்தி தன் இருபதுகளை முழுசாகக் கொடுப்பாள்? இந்த ஒரு நினைப்பிலிருந்துதான் மற்ற எல்லாத் தவறான எண்ணங்களும் கிளம்புகின்றன.

எங்கள் வேலை எப்படிப்பட்டது என்பதற்கு நகைக்கடையே நல்ல இடம். சேதாரத்தில் 50 சதவீதம் தள்ளுபடி என்று ஒரு கடை பெரிய தட்டி வைத்திருந்தது. அத்தை என்னைக் கையோடு அழைத்துப் போனார். ஒரு லட்ச ரூபாய்க்குத் தங்கம் எடுத்தால் அங்கே சேதாரம் 18 சதவீதம், அதாவது 18,000 ரூபாய். அதில் பாதி போனால் 9,000 மிச்சம். 1,18,000 கொடுக்க வேண்டிய இடத்தில் 1,09,000 கொடுக்கிறோம். காதில் விழுவது 50 சதவீதம். கையில் நிற்பது 8 சதவீதம்கூட இல்லை. நாலு கடை தள்ளி, தட்டியே வைக்காத ஒரு கடையில் அதே மாதிரி சங்கிலிக்குச் சேதாரம் 8 சதவீதம்தான். அங்கே மொத்தம் 1,08,000. தள்ளுபடி தராத கடையில் ஆயிரம் ரூபாய் குறைவு. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கணக்குத் தேவைப்படவில்லை. ஐம்பது சதவீதம் என்கிறார்களே, எதில் ஐம்பது என்று நின்று கேட்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான். விடை காண்பதில் பாதி வேலை, கேள்வியைச் சரியாகப் பிடிப்பதில் இருக்கிறது. நாங்கள் வருஷக்கணக்கில் செய்வது இந்தப் பாதியைத்தான். அதற்கு நேரம் பிடிக்கும். அந்த நேரத்தை வேலை நேரமாக ஒருவரும் எண்ணுவதில்லை என்பதுதான் என் குறை.

கணக்கில் ஆராய்ச்சி செய்ய என்ன மிச்சம் இருக்கிறது என்று சித்தப்பா கேட்டது ஒரு கல்யாணப் பந்தியில். பதிலும் அந்தப் பந்தியிலேயே இருந்தது. பந்தி வரிசையில் ஏதாவது ஆறு பேரை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆறு பேரில், மூவருமே ஒருவருக்கொருவர் அறிமுகமான மூன்று பேர் இருப்பார்கள். இல்லாவிட்டால், மூவருமே ஒருவரையொருவர் முன்பின் பார்த்திராத மூன்று பேர் இருப்பார்கள். எந்த ஊர், எந்த வீட்டுக் கல்யாணமானாலும் இது தப்பாது.

ஏன் தப்பாது? ஆறு பேரில் சித்தப்பாவைப் பிடித்துக்கொள்வோம். மீதி ஐந்து பேர். அவருக்குத் தெரிந்தவர்கள் ஒரு பக்கம், தெரியாதவர்கள் மறு பக்கம் என்று பிரித்தால், ஏதாவது ஒரு பக்கத்தில் மூன்று பேராவது சேர்ந்துதான் ஆக வேண்டும். தெரிந்தவர்கள் பக்கம் மூன்று பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மூவரில் யாரோ இருவருக்குள் பழக்கம் இருந்தால், அவர்களும் சித்தப்பாவும் சேர்ந்து அறிமுகமான மூவர். எந்த இருவருக்குள்ளும் பழக்கம் இல்லையென்றால், அந்த மூன்று பேரே அறிமுகமில்லாத மூவர். தெரியாதவர்கள் பக்கம் மூன்று பேர் விழுந்தாலும் இதே வாதம், திருப்பிப் போட்டால் போதும். ஆறுக்குப் பதில் ஐந்து பேர் என்றால் இப்படி உறுதி சொல்ல முடியாது. ஐந்து பேர் வட்டமாக உட்கார்ந்து, ஒவ்வொருவருக்கும் தன் இரு பக்கத்தில் இருப்பவர்களை மட்டுமே தெரியும் என்றால், அங்கே அறிமுகமான மூவரும் இல்லை, அறிமுகமில்லாத மூவரும் இல்லை.

மூன்றுக்குப் பதில் நான்கு பேர் வேண்டுமென்றால்? 18 விருந்தினர் வேண்டும். 1955லேயே நிரூபித்துவிட்டார்கள். சரி, ஐந்து பேர் வேண்டுமென்றால்? உலகத்தில் யாருக்கும் தெரியாது. 42 பேர் போதாது என்பது 1989 முதல் தெரியும். 46 பேர் இருந்தால் போதும் என்பது சமீபத்தில்தான் தெளிவானது. நடுவில் 43, 44, 45, 46 என்று நான்கே நான்கு எண்கள். இவற்றில் எது விடை என்று சொல்ல முடியாமல் பெரிய பெரிய மூளைகள் தவிக்கின்றன. ஒரு சின்னக் கல்யாண மண்டபத்துக்குள் அடங்கிவிடுகிற கேள்வி இது. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும். எல்லாவற்றையும் கண்டுபிடித்தாகிவிட்டது என்று இனி யாராவது சொன்னால் எனக்கு ஆத்திரம் வராமல் என்ன செய்யும்?

கம்ப்யூட்டரில் போட்டால் வந்துவிடாதா என்று அடுத்த கேள்வி வரும். வராது. 43 பேரை இரண்டிரண்டு பேராகச் சேர்த்தால் 903 ஜோடிகள். ஒவ்வொரு ஜோடியும் அறிமுகமானதாக இருக்கலாம், இல்லாததாகவும் இருக்கலாம். ஆக மொத்தச் சாத்தியங்கள், இரண்டை 903 தடவை பெருக்கி வருகிற எண். அதை எழுதினால் 272 இலக்கங்கள் வரும். உலகத்திலுள்ள எல்லாக் கம்ப்யூட்டர்களையும் ஒன்றாக உட்கார வைத்தாலும் அத்தனையையும் ஒவ்வொன்றாகப் பார்த்து முடிக்க முடியாது. வேறு வழியை யாராவது யோசித்துக் கண்டுபிடித்தாக வேண்டும். ஃபிராங்க் ராம்சே என்கிற கேம்பிரிட்ஜ்காரர் தர்க்கவியலில் வேறொரு கேள்விக்கு வழி தேடிக்கொண்டிருந்தபோதுதான் இந்தத் துறைக்கே விதை போட்டார். அந்தக் கட்டுரை அச்சானது 1930. அந்த வருஷத் தொடக்கத்திலேயே, 26 வயதில் அவர் இறந்துபோனார். அவர் போட்ட விதையில்தான் நானும் என் தோழிகளும் இன்று உழைத்துக்கொண்டிருக்கிறோம்.

அந்த உழைப்பு வெளியிலிருந்து பார்க்க எப்படி இருக்கும் என்பதுதான் வீட்டில் தீராத சண்டை. வேதியியல் ஆராய்ச்சி செய்கிற அறைத்தோழிக்குக் காட்டுவதற்குக் குடுவை இருக்கிறது, மெஷின் இருக்கிறது. வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு ராத்திரி லேபுக்குப் போகிறாள் என்று அவள் அம்மா பெருமையாகச் சொல்கிறார். என்னிடம் இருப்பது ஒரு பக்கம் எழுதிய பழைய தாள்கள், ஒரு பேனா. லீவுக்கு ஊருக்குப் போனால், மேசையில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அந்த நேரத்தில்தான் மண்டைக்குள் இருபது பேரை இருபது புள்ளிகளாக வைத்து, தெரிந்தவர்களுக்கு நடுவே சிவப்பும் தெரியாதவர்களுக்கு நடுவே நீலமுமாகக் கோடு இழுத்து, ஒரு இழை எங்கே அறுகிறது என்று தேடிக்கொண்டிருப்பேன். "சும்மாதானே இருக்க, கேஸ்காரர் வந்தா கதவைத் திற" என்று ஒரு குரல் வரும். எழுந்து போய்த் திறந்துவிட்டு வந்தால் புள்ளிகள் கலைந்து போயிருக்கும். மறுபடி முதலிலிருந்து கட்ட வேண்டும். சிலிண்டர் இறக்க இரண்டு நிமிஷம்தான் ஆகிறது. கலைந்ததைத் திரும்பக் கட்ட ஒரு மத்தியானம் போகிறது.

படிப்பதும் அப்படித்தான். பத்துப் பக்கக் கட்டுரையைப் படிக்க ஏன் ஒரு மாதம் என்று கேட்கிறார்கள். கதைப் புத்தகத்தைப் போல இதைப் புரட்ட முடியாது. ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவே ஆசிரியர் ஐந்தாறு படிகளை விட்டுவிட்டுத் தாண்டியிருப்பார். அவருக்கு அது கண்கூடு. நமக்கு அந்த இடத்தில் ஒரு பள்ளம். அதில் இறங்கி, ஒவ்வொரு படியாக நாமே கட்டி, அக்கரை ஏற வேண்டும். ஏறிய பிறகு பார்த்தால் மூன்று வரி எழுதியிருப்போம். அந்த மூன்று வரிதான் அந்த வாரத்தின் சம்பாத்தியம். சில வாரங்களில் அதுவும் இருக்காது. ஒரு வழி போகாது என்பது மட்டும் உறுதியாகியிருக்கும். அது பெரிய லாபம். இனி யாரும் அந்தப் பக்கம் போய்க் காலை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

ஆனால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை நாங்கள் கொடுக்கிற ப்ராக்ரஸ் ரிப்போர்ட்டில் இந்த லாபத்தை எழுத இடமே இல்லை. வெளியான கட்டுரைகள் எத்தனை, கலந்துகொண்ட கருத்தரங்குகள் எத்தனை என்று கட்டம் கட்டமாகக் கேட்கிறார்கள். எல்லாத் துறைக்கும் அதே படிவம். கணிதத்தில் ஒரு கட்டுரையை அனுப்பினால், சரிபார்க்கிறவர் ஒவ்வொரு வரியையும் தானும் நிரூபித்துப் பார்க்க வேண்டும். ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் பதிலே வராமல் கிடப்பது சாதாரணம். இந்த நிலைமையில் இந்த அரையாண்டில் எத்தனை என்று கேட்டால் நான் எதை நிரப்புவேன்? கமிட்டி மீட்டிங்கில் பூஜ்யத்தைப் பார்த்துவிட்டு ஒருவர் முகத்தைச் சுளிக்கிறார். வேகமாக ஏதாவது எழுதி, கேட்டதும் பிரசுரிக்கிற பத்திரிகையில் காசு கட்டிப் போட்டுவிடலாமா என்ற சபலம் எத்தனையோ பேருக்கு அங்கேதான் பிறக்கிறது. குறுக்கு வழிக்குப் பிள்ளைகளைத் தள்ளுவதே அந்தக் கட்டங்கள்தான்.

இடையிடையே பரீட்சை ஹாலில் கண்காணிப்பு, வருகைப் பதிவேடு, விழாவுக்கு அழைப்பிதழ் எழுதுவது, ஆய்வுக்குழு வந்தால் ஃபைல் அடுக்குவது என்று வேலைகள் வரும். ஸ்காலர்தானே, சும்மாதானே இருக்கிறார்கள் என்கிற அதே எண்ணம் அங்கேயும். கணிதத்துறைப் பிள்ளைகளை இதற்குக் கூப்பிடுவதில் யாருக்கும் தயக்கமே கிடையாது. எங்களுக்கு லேபில் அணைக்க வேண்டிய அடுப்பு இல்லையே!

பணத்தைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. அதைச் சொல்ல முதலில் பஸ் ஸ்டாப்புக்குப் போக வேண்டும். மணிக்கு ஆறு பஸ் என்று வைத்துக்கொள்வோம். சராசரியாகப் பத்து நிமிஷத்துக்கு ஒன்று. ஒழுங்காகப் பத்துப் பத்து நிமிஷ இடைவெளியில் வந்தால், நேரம் பார்க்காமல் ஸ்டாப்புக்கு வருகிறவர் சராசரியாக ஐந்து நிமிஷம் நிற்பார். ஆனால் நெரிசலில் அப்படியா வருகிறது? முன்னால் போகிற பஸ் கொஞ்சம் தாமதமானால் ஸ்டாப்பில் கூட்டம் சேர்கிறது. கூட்டம் ஏறி இறங்க அது இன்னும் தாமதமாகிறது. பின்னால் வருகிற பஸ்ஸுக்கு ஏற்ற ஆளில்லை. அது விரட்டிவந்து ஒட்டிக்கொள்கிறது. கடைசியில் மூன்று பஸ் ஒன்றாக வரும், அப்புறம் அரைமணி நேரம் ஒன்றுமிருக்காது. இப்போதும் மணிக்கு ஆறு பஸ்தான். டிப்போ கணக்கில் ஒரு குறையும் இல்லை. ஆனால் நிற்கிறவர் சராசரியாகப் பதினைந்து நிமிஷம் நிற்கிறார். வண்டிகளின் சராசரியைப் பார்த்தால் எல்லாம் சரி. காத்திருக்கிறவரின் சராசரியைப் பார்த்தால் கஷ்டம் மூன்று மடங்கு. பெரியவர்கள் கையில் இருப்பது முதல் சராசரி. கால் கடுக்க நிற்கிறவர்களுக்கு வாய்த்தது இரண்டாவது.

எங்கள் உதவித்தொகையும் இதே தினுசுதான். நெட் தேர்வு எழுதி ஜேஆர்எஃப் என்கிற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கியவர்களுக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருஷத்துக்குப் பிறகு 42,000. தொகையைக் குறை சொல்ல மாட்டேன். ஜேஆர்எஃப் இல்லாமல், கிடைக்கிற சில ஆயிரங்களை வைத்துக்கொண்டு ஆராய்ச்சி செய்கிற தோழிகளைப் பார்க்கும்போது, எனக்கு வருவதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ஆனால் அது மாதாமாதம் வருவதில்லை. கையெழுத்து, சீல், ஆன்லைன் ஒப்புதல், திரும்ப அனுப்பிய ஃபைல் என்று எங்கேயோ சிக்கி, பல மாதப் பணம் ஒரே நாளில் வந்து விழுகிறது. வருஷக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் ஒரு ரூபாய் குறையாது. சராசரி சரியாக இருக்கும்.

ஹாஸ்டல் மெஸ்ஸும் வீட்டு வாடகையும் சராசரிக்குக் கட்டுப்படுமா? ஒருத்தி மாதச் செலவுக்கு 20,000 ரூபாயை இரண்டு வட்டிக்கு வாங்குகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய். 20,000க்கு மாதம் 400. ஆறு மாதப் பணம் மொத்தமாக வருகிற வரைக்கும் முதல் மாதக் கடனுக்கு ஆறு மாத வட்டி, இரண்டாவது மாதக் கடனுக்கு ஐந்து மாத வட்டி, இப்படியே இறங்கிக் கடைசிக் கடனுக்கு ஒரு மாத வட்டி. ஆறும் ஐந்தும் நான்கும் மூன்றும் இரண்டும் ஒன்றும் சேர்ந்தால் 21. இருபத்தோரு நானூறு 8,400 ரூபாய். யாரோ ஒருவர் ஒரு கையெழுத்தை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்ததற்கு, ஒரு ஏழை வீட்டுப் பெண் கட்டுகிற அபராதம் இது. தன் தப்பு எதுவும் இல்லாமல் கட்டுகிறாள். கடன்காரருக்கு என்ன பதில் சொல்வது என்று யோசிக்கிற மண்டையில் கணிதம் ஓடாது. பணம் தாமதமாவதால் போவது வட்டி மட்டுமல்ல, அந்த ஆறு மாத யோசனையும் போகிறது. அதைத் திருப்பித் தர எந்த ஆபீஸாலும் முடியாது.

கடைசிக் கேள்வி, எப்ப முடியும். பெண்ணாக இருந்தால் இந்தக் கேள்விக்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கும். வருகிற வரனையெல்லாம் தட்டிக் கழிக்கிறாயே என்று பெரியம்மா வருத்தப்படுகிறார். இதற்கும் ஒரு கணிதம் இருக்கிறது. நூறு வரன்கள் ஒவ்வொன்றாக வருகின்றன, வேண்டாம் என்று சொன்ன இடம் திரும்ப வராது என்று வைத்துக்கொண்டால், முதல் 37 இடங்களைப் பார்த்து மட்டும் வைத்துக்கொண்டு, அதற்கப்புறம் அவை எல்லாவற்றையும்விட நல்லதாக வருகிற முதல் இடத்தைப் பேசி முடிக்க வேண்டும். இதைவிடச் சிறந்த வழி கிடையாது என்று நிரூபணம் இருக்கிறது. இந்தச் சிறந்த வழியில் போனாலும், நூறில் ஆகச் சிறந்த இடம் அமைவதற்கான வாய்ப்பு சுமார் 37 சதவீதம்தான். பெரியம்மா இதைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தார். எனக்கு அதில் ஆறுதலே இருந்தது. இருப்பதிலேயே சரியான வழியில் நடந்தும் கைகூடாமல் போகிற காரியங்கள் உலகத்தில் உண்டு. ஆராய்ச்சி அப்படிப்பட்டது. விடை எங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தானே போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும் என்று சொல்லலாம்? தேதி கேட்கிறவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. தேதி சொல்ல முடியாததையே சோம்பேறித்தனம் என்று முடிவு கட்டும்போதுதான் மனசு விட்டுப்போகிறது.

ராமானுஜன் பிறந்த நாடாச்சே என்று டிசம்பர் 22 வந்தால் மேடைக்கு மேடை முழங்குகிறோம். அவருக்கு இந்த ஊர் கொடுத்தது என்ன என்று ஒரு நிமிஷம் நிதானமாகப் பாருங்கள். எஃப்.ஏ. என்கிற கல்லூரித் தேர்வில் தவறி, உதவித்தொகை பறிபோய், வேலை தேடி அலைந்தவர் அவர். 1910இல் நெல்லூர்க் கலெக்டர் ராமச்சந்திர ராவைப் போய்ப் பார்த்தபோது, பதவியோ புகழோ கேட்கவில்லை; கவலையில்லாமல் சாப்பிட்டுக்கொண்டு கணிதம் பார்க்க ஓய்வு வேண்டும் என்பதே அவருக்கு வேண்டியிருந்தது. ராவ் சில காலம் கைக்காசு கொடுத்தார். 1912இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தா வேலை. கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய கடிதம் 1913 ஜனவரியில் போனது. அந்த வருஷமே சென்னைப் பல்கலைக்கழகம் பட்டமில்லாத அந்த இளைஞருக்கு மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கொடுத்தது. மூன்று மாதத்துக்கு ஒரு அறிக்கை தர வேண்டும் என்பது நிபந்தனை. தந்தார். அந்த அறிக்கைகளில் அவர் எழுதியது கணிதம், எத்தனை கட்டுரை என்கிற எண்ணிக்கை இல்லை.

அந்த 75 ரூபாய் வாங்கிக்கொடுத்தது நேரத்தை. பேரேட்டிலிருந்து ஒரு மனிதரை விடுவித்து, நீ யோசி, அதுவே உன் வேலை என்று இந்த நகரத்தில் ஒரு நிறுவனம் சொன்னது. நூறு வருஷத்துக்கு முன்னால் சொல்ல முடிந்ததை இப்போது சொல்ல ஏன் இத்தனை தயக்கம்? அவர் ஒருவர்தான் மேதை, மற்றவர்கள் எதற்கு என்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். குற்றாலத்துக்குப் பக்கத்தில் வல்லத்தில் பிறந்த எஸ்.எஸ். பிள்ளை, எந்த முழு எண்ணையும் எழுபத்து மூன்றே ஆறாம் அடுக்கு எண்களைக் கூட்டி அடைந்துவிடலாம் என்று 1940இல் நிரூபித்தார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்த காலம் அது. அவர் பெயர் அவர் பிறந்த பக்கத்திலேயே எத்தனை பேருக்குத் தெரியும்? கணிதம் ஒரு தனி மேதையின் அதிசயமாக மட்டும் வளர்வதில்லை. ஆண்டுக்கணக்கில் மேசையில் உட்கார விடப்பட்ட பலரால் வளர்கிறது.

ஆகவே கேட்கிறேன். பிள்ளை தாளை வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தால், வீட்டில் இருப்பவர்கள் அதை வேலை என்று நம்புங்கள். கதவை நீங்களே திறந்துகொள்ளுங்கள். அதிகாரிகள் எங்கள் உதவித்தொகையை உங்கள் சம்பளம் வருகிற அதே வாரத்தில் அனுப்புங்கள். கல்லூரிகள் எல்லாத் துறையையும் ஒரே படிவத்தில் அளக்காதீர்கள். எந்த வழி போகாது என்று இந்த அரையாண்டில் தெரிந்துகொண்டாய் என்று கேட்க ஒரு கட்டம் சேருங்கள். 43லிருந்து 46க்குள் எது என்கிற விடையை ஒருநாள் யாரோ ஒருவர் சொல்லத்தான் போகிறார். அவர் நம் ஊரிலிருந்தும் வரலாம். வர வேண்டுமென்றால், மாதம் தவறாத பணமும், கலைக்கப்படாத ஒரு மத்தியானமும் அவருக்கு இப்போதே வேண்டும், பெயர் வாங்கிய பிறகு அல்ல.